மாமை: திரையில் தொலைந்த ஒரு நிறம்

சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் துயரம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, பச்சை என்றால் அமைதி, சில நேரம் பொறாமை. காட்சித் தொடர்பியல் படிக்கும் எந்த மாணவியின் நோட்டைப் புரட்டினாலும் முதல் பருவத்திலேயே இந்த அட்டவணை இருக்கும். யூடியூபில் கலர் கிரேடிங் சொல்லித்தரும் இளைஞர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பார்வையாளரை அழவைக்க வேண்டுமா, நிழல்களில் நீலத்தை ஏற்று. ஏங்கவைக்க வேண்டுமா, வெளிச்சத்தில் ஆரஞ்சைக் கொஞ்சம் கூட்டு. சமையல் குறிப்புபோல உப்பு, புளி அளவு சொல்லிவிடுகிறார்கள்.

இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் படத்தைக்கூட முழுதாகப் படித்துவிட முடியாது. வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கைம்பெண் உடுத்திவரும் வெள்ளைச் சேலை தொண்டையை அடைக்கிறது. அதே வெள்ளையை மெல்லிய துணியாக நாயகி பனிமலைப் பாட்டில் உடுத்தினால் கிளர்ச்சி. அதே வெள்ளை அரசியல்வாதியின் வேட்டியில் வந்தால் தியேட்டரில் நக்கல் சிரிப்பு. நிறம் ஒன்றுதான். அது யார் உடம்பின் மேல் கிடக்கிறது, அந்த உடம்புக்கு ஊர் என்ன விலை வைத்திருக்கிறது என்பதில்தான் நம் உணர்ச்சி முடிவாகிறது. அட்டவணை எழுதியவர்கள் உடம்பை விட்டுவிட்டார்கள்.

உடம்பை விட்டதோடு, அட்டவணையில் இன்னொரு நிறமும் இல்லை. திரையில் மிக அதிக நேரம், மிக அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் நிறம் அது. தோலின் நிறம். ஒரு குளோசப்பில் திரையின் பாதி முகம்தான். நிறம் சரிசெய்பவர் எந்தக் காட்சியைத் தொட்டாலும் முதலில் முகத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் சேலைக்கும் வானத்துக்கும் போகிறார். ஆக, நிறத்தின் உணர்ச்சியைப் பற்றிப் பேசுவதென்றால் முகம் எந்த நிறத்தில் இருந்தால் ‘சரி’ என்று யார் முடிவுசெய்தார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முடிவுசெய்ததற்கு ஒரு அட்டை இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனம் புகைப்படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. பளிச்சென்ற உடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் இயல்பாகத் தெரியும்வரை இயந்திரத்தின் வண்ணத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். முதலில் படத்தில் இருந்தவர் அந்த நிறுவனத்திலேயே வேலைபார்த்த ஷெர்லி. பிறகு வேறு வேறு பெண்கள் வந்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. எல்லா அட்டைகளும் ஷெர்லி அட்டைகள்தான். ஷெர்லிக்கு ஏற்றபடி எல்லாம் அமைந்துபோன உலகத்தில் ஒரு கருத்த முகம் அச்சாகும்போது கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தோண்டி எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் என்னால் மறக்க முடியாத இடம் ஒன்று. பழுப்பின் சாயல்களைப் பிரித்துக் காட்டும் பிலிமை உருவாக்கும்படி 1970களில் கோடாக்கை நெருக்கியவர்களில் முக்கியமானவர்கள் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும்தான். கருப்பு சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் படத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன, தேக்கும் ஓக்கும் பிரியவில்லை என்பது அவர்கள் முறையீடு. மொசாம்பிக்கில் வேலைசெய்யப்போன இடத்தில் கோதார், கோடாக் பிலிமே இனவாதம் கொண்டது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்ததும் அதே பத்தாண்டில்தான்.

சினிமாவுக்கும் ஷெர்லிகள் உண்டு. பிலிம் சுருளின் தலைப்பில் சில பிரேம்களுக்கு மட்டும் ஒரு பெண்ணின் முகமும் பக்கத்தில் வண்ணக் கட்டங்களும் இருக்கும். லேபில் இருப்பவர்கள் அந்த முகத்தை வைத்துத்தான் படத்தின் வண்ணத்தை நிதானிப்பார்கள். ‘சைனா கேர்ள்’ என்று தொழிலில் ஒரு பெயர். லேபில் வேலைபார்த்த பெண்களையே பலமுறை உட்காரவைத்து எடுத்திருக்கிறார்கள். பார்வையாளர் பார்க்கும் முன் சுருள் ஓடிவிடும் என்பதால் இந்த முகங்களை ஆபரேட்டரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. கணினிக்கு வந்தபோதும் கதை மாறவில்லை. 1972 நவம்பர் ‘பிளேபாய்’ நடுப்பக்கத்திலிருந்து தோளுக்கு மேல் வெட்டியெடுத்த லேனா என்ற பெண்ணின் படத்தை வைத்துத்தான் படச் செயலாக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தங்கள் கணக்குகளைச் சோதித்தார்கள். ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் அந்தப் படம் கொண்ட கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று நிறுத்தியது 2024 ஏப்ரலில்தான். அளவெடுக்கும் கை ஆணுடையது, அளவுகோல் பெண்ணின் முகம், அதுவும் வெளுத்த முகம். திரையின் நிறத்துக்கு இப்படி ஒரு முன்கதை இருக்கும்போது, நீலம் துயரத்தின் நிறம் என்று மட்டும் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிறம் சரிசெய்யும் மென்பொருளில் வெக்டர்ஸ்கோப் என்ற வட்டம் இருக்கிறது. சாயல் எந்தத் திசையில் போகிறது என்று அது காட்டும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே அதில் ஒரு கோடு, தோலுக்கான கோடு. நார்வேக்காரியை நிறுத்தினாலும் நைஜீரியாக்காரியை நிறுத்தினாலும் ராமநாதபுரத்துக்காரியை நிறுத்தினாலும் புள்ளிகள் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும். எல்லாத் தோலுக்கும் அடியில் ஓடுவது ரத்தம், மேலே இருப்பது மெலனின். சாயல் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளிச்சத்தின் அளவும் அடர்த்தியும் மட்டுமே வேறு. தொழில் கற்ற எல்லாருக்கும் தெரிந்த செய்தி இது. தெரிந்தும் கை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. நாயகியின் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அது அவர் அசையும் இடமெல்லாம் தொடர்ந்து போகும்படி செய்து, அதற்குள் மட்டும் வெளிச்சத்தை ஏற்றுகிறது. நாயகன் அவர் பக்கத்திலேயே நின்றாலும் அவர் நிழலில்தான்.

இந்த இடத்தில் அகப்பாடல்களுக்குப் போகாமல் என்னால் இருக்க முடியாது. என் ஆய்வுக் காலம் முழுக்க அவற்றோடுதான் கழிந்தது. நிறம் உணர்ச்சியை எப்படி ஏற்றுகிறது என்று கேட்டால் நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பதில் பசலை. பிரிந்துபோன தலைவனை நினைத்துத் தலைவியின் உடலில் படரும் வெளிறிய மஞ்சள் அது. பீர்க்கம்பூவையும் பொன்னையும் அதற்கு ஒப்பாகச் சொல்வார்கள். வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்; பசப்புறு பருவரல், 119ஆவது. குறுந்தொகை 399இல் பரணர் அதை ஊர்க் கேணியின் பாசியாகப் பார்க்கிறார். கை பட்டால் ஒதுங்கும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். நிறத்தை இப்படி அசைய வைத்த இயக்குநர் நம் காலத்தில் எத்தனை பேர்?

பசலை தின்றுபோடுவது எதை? மாமையை. நல்ல நிலையில், காதலோடு, கவலையற்று இருக்கும் பெண்ணின் நிறம் மாமை. உரையாசிரியர்கள் அதை மாந்தளிரின் நிறம் என்பார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் இளம்பச்சையைக் கற்பனை செய்துகொள்வார்கள். மாமரத்தைக் கிட்டத்தில் பார்த்து நாளாயிற்று. கொழுந்துவிட்ட மாந்தளிர் செம்பும் பழுப்பும் கலந்த கருமை. மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பு. சாய்வான வெயில் பட்டால்தான் அது தெரியும்; உச்சி வெயிலில் தெரியாது. மாமை ஒரு நிறத்தின் பெயர் மட்டும் இல்லை, ஒரு வெளிச்சத்தின் பெயரும்கூட என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கருத்த தோலை அழகாகப் படம்பிடிக்கத் தெரிந்த ஒளிப்பதிவாளர்கள் இன்றைக்குச் சொல்வதும் இதேதான்: முகத்தில் நேராக விளக்கை அடிக்காதே, பெரிய மென்மையான வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து கொடு, தோல் அதைப் பிரதிபலிக்கும், அந்தப் பளபளப்பில்தான் முகத்தின் வடிவம் இருக்கிறது.

கணக்கைக் கவனியுங்கள். அந்தக் கவிதைகளில் கருமை சார்ந்த நிறம் மகிழ்ச்சிக்கும் நலத்துக்கும், வெளுப்பு நோய்க்கும் துயரத்துக்கும். இன்றைய திரையில் அப்படியே தலைகீழ். காதல் கைகூடினால் நாயகியின் முகம் வெளுக்கும். அவள் துன்பப்பட்டால் கருக்கும்.

அதற்காகச் சங்க காலத்தைப் பொற்காலமாக்கும் வேலையில் நான் இறங்கவில்லை. அந்த வேலைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். பசலை பெரும்பாலும் பெண்ணின் மேலேதான் படர்கிறது. அவன் போவதும் வருவதும் அவள் தோலில் எழுதப்படுகிறது, ஊர் அதைப் படித்து அலர் தூற்றுகிறது. அவள் உடம்பு அன்றைக்கும் திரைதான். ஆனால் அந்தத் திரைக்குள் வெள்ளிவீதியார் வந்து உட்கார்ந்து பேசுகிறார். குறுந்தொகை 27ஆவது பாட்டில், தன் மாமை அழகு தனக்கும் பயன்படாமல் காதலனுக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாகப் பார்க்கிறது என்று கணக்குக் கேட்கிறார். அழகு அவனுக்கு ஆகவில்லையே என்று மட்டும் நிற்கவில்லை அவர்; முதலில் தனக்கு ஆகவில்லையே என்கிறார். தன் நிறத்துக்குத் தான் உரிமைக்காரி என்ற அந்தத் தொனியை நான் திரையில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

தேடியதில் கிடைத்த ஒன்று 1963இல் ஏவி.எம். தயாரித்து ஏ.சி.திருலோகசந்தர் இயக்கிய ‘நானும் ஒரு பெண்’. கருத்த நிறத்தால் அவமானப்படும் மருமகளாக விஜயகுமாரி. கருப்பு வெள்ளைப் படத்தில் கருமை என்பது சாம்பலில் சில படிகள் இறங்குவதுதான். ஒப்பனை அதைச் செய்தது. கண்ணனும் கருப்புத்தானே என்று அவள் சந்நிதியில் முறையிடும் பாட்டை பி.சுசீலாவின் குரலில் கேட்டு அழாத தாய்மார்கள் குறைவு. என் வீட்டிலும் அழுதார்கள். அந்தக் கண்ணீரில் பொய்யில்லை, படத்தின் அக்கறையிலும் பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பரிவுக்கு ஒரு காப்பீடு இருந்தது. பூச்சுக்கு அடியில் இருப்பவர் வெளுத்தவர் என்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். அடுத்த படத்தில் துடைத்துவிட்டு வருவார். துடைக்க முடியாத நிறத்தோடு தியேட்டரில் உட்கார்ந்திருந்தவள் யாரைப் பார்த்து அழுதாள்?

44 ஆண்டு கழித்து, 2007இல், அதே ஏவி.எம். தயாரிப்பில் ‘சிவாஜி’. ஷங்கர் இயக்கம், கே.வி.ஆனந்த் ஒளிப்பதிவு. நிறமும் உணர்ச்சியும் என்று ஒரு பாடம் நடத்தச் சொன்னால் இந்த ஒரு படத்தை வைத்தே ஒரு பருவம் ஓட்டிவிடுவேன்.

நாயகன் தமிழ்ப் பண்பாட்டோடு வளர்ந்த பெண்ணைத் தேடுகிறான். கிடைப்பவள் பெயர் தமிழ்ச்செல்வி. அந்தப் பாத்திரத்துக்கு வடக்கிலிருந்து வந்த ஸ்ரேயா, பளிங்கு நிறத்தில். பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள். முகமெல்லாம் கரியைக் குழைத்துப் பூசியிருக்கிறது. அவர்களுக்கு மாப்பிள்ளை தேடும் அப்பாவாக, பட்டிமன்ற மேடைகளில் தமிழ் பேசி நமக்குப் பழகிய பேராசிரியர் சாலமன் பாப்பையா. அந்தப் பெண்கள் தலைகாட்டினால் போதும், நாயகனும் விவேக்கும் மிரள்கிறார்கள், அரங்கம் சிரிக்கிறது. பெண்களின் பெயர் அங்கவை, சங்கவை.

தமிழ் படித்தவள் சிரிக்க முடியாமல் போகும் இடம் இதுதான். மரபு பாரியின் மகள்களுக்கு வழங்கும் பெயர்கள் அவை. மூவேந்தரும் சேர்ந்து பாரியைக் கொன்றபின், அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு மணமகன் தேடி நடந்தவர் கபிலர். விச்சிக்கோ மறுத்தான். இருங்கோவேளும் மறுத்தான். புறநானூற்றில் அந்த அலைச்சலும் அவமானமும் இருக்கின்றன. அங்கே கபிலர் தலைகுனியவில்லை. மறுத்தவனைத்தான் குத்திக் காட்டிப் பேசிவிட்டுப் போகிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதே நடையைச் சினிமா மறுபடி நடத்திக்காட்டுகிறது: இரண்டு பெண்கள், தமிழறிந்த ஒரு பெரியவர், மறுக்கும் மாப்பிள்ளை. அங்கே மறுப்புக்குப் பின்னால் ஒரு போர் இருந்தது, வேந்தர்களின் பகை இருந்தது. இங்கே பூசிய கரி இருக்கிறது. எழுதியவர்கள் இதை யோசித்துச் செய்தார்களா, பழந்தமிழ்ப் பெயர் காதுக்கு வேடிக்கையாக இருக்கிறதென்று வைத்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. வெளுத்தவளுக்குத் தமிழ்ச்செல்வி, கருத்தவர்களுக்கு அங்கவை சங்கவை. பண்பாடு ஒரு பக்கம், பகடி ஒரு பக்கம். பிரித்துவைத்தது நிறம்.

அதே படத்தில் நாயகனும் வெளுக்க ஆசைப்படுகிறான். ஒரு பாட்டு முழுக்க ரஜினிகாந்த் வெள்ளைக்காரரைப்போல வருகிறார். ஒப்பனையால் ஆனதில்லை அது. ஐரோப்பியப் பெண் ஒருவரை அதே வெளிச்சத்தில் படம்பிடித்து, அவர் தோலின் நிறத்தை எடுத்து, ஆயிரக்கணக்கான பிரேம்களில் ஒவ்வொன்றாக ரஜினியின் மேல் ஏற்றினார்கள். சிறப்பு விளைவுகளுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஷெர்லியின் அட்டை அங்கேயும் வேலைசெய்திருக்கிறது, இந்த முறை ஆணின் முகத்தில். பாட்டு முடிந்ததும் அவர் தன் நிறத்துக்குத் திரும்பிவிடுகிறார், அந்த நிறத்தோடேயே நாயகனாகவும் இருக்கிறார், காதலும் கிடைக்கிறது. கருத்த ஆணுக்கு வெளுப்பு ஒரு பாட்டு நேர விளையாட்டு. அங்கவைக்கும் சங்கவைக்கும் அப்படி ஒரு பாட்டு கிடையாது.

புறநானூறு 112ஆவது பாட்டு பாரி மகளிரே பாடியது. ஒரே முழுநிலவு, ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை. முதல் நிலவில் அப்பாவும் இருந்தார், மலையும் இருந்தது. அடுத்த நிலவில் இரண்டும் இல்லை. வெளிச்சம் துளியும் மாறவில்லை. அதே வெள்ளை நிலா. நீலத்தை ஏற்றாமல், நிழலைக் கூட்டாமல் துயரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள் இரண்டு பெண்கள். பதின்பருவத்தில் முதல்முறை படித்தபோது, இவ்வளவு சின்னப் பாட்டா என்றுதான் நினைத்தேன். இப்போது கலர் கிரேடிங் பாடத்துக்கு முன்னுரையாக அதைத்தான் வைக்கிறேன். அந்தப் பெண்களின் பெயரைத்தான் கரிபூசிச் சிரித்தோம்.

கேலிக்குக் கருமை என்றால், பரிதாபத்துக்குப் பழுப்பு. 2000இல் வந்த சோடர்பெர்கின் ‘டிராஃபிக்’ படத்தில் அமெரிக்கத் தலைநகர் நீலமாகவும் மெக்சிகோ புழுதி மஞ்சளாகவும் தெரியும். எல்லையைத் தாண்டினால் சூரியனே வேறு என்பதுபோல. அந்த மஞ்சள் பிறகு எத்தனையோ படங்களில் ஏழை நாடுகளின் நிறமானது. நம்மிடம் அதே மஞ்சள் மதுரைக்கும் தேனிக்கும் போடப்படுகிறது. நகரத்து நாயகி தெளிந்த வெளிச்சத்தில், கிராமத்து நாயகி புழுதியில். பாலாவின் ‘பரதேசி’யில் செழியனின் ஒளிப்பதிவு மண்ணையும் தோலையும் ஒரே பழுப்பில் கரைத்துவிடுகிறது. தேயிலைத் தோட்டத்துக்குக் கொத்தடிமைகளாகப் போனவர்களின் கதைக்கு அது வலுவான தெரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழுப்புக்குள் நுழைய வேதிகாவின் முகத்தைக் கருக்க வேண்டியிருந்தது. ‘ஜெய் பீம்’ (2021) படத்தில் இருளர் பெண் செங்கேணியாக வரும் லிஜோமோள் ஜோஸ் என்னை உலுக்கியவர். காவல் நிலையத்திலிருந்து நடந்தே வீட்டுக்குப் போகும் அந்தக் காட்சியில் அவர் நடை ஒன்றே போதும். அவருக்கும் நிறத்தைக் குறைத்துத்தான் செங்கேணி. இத்தனை ஆண்டுகளில் விஜயகுமாரிக்குப் பூசிய அந்தப் பூச்சின் நேர்த்தி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கருத்த நடிகைகள் இந்த மாநிலத்தில் இல்லாமல் இல்லை. துயரப்படும் கருத்த பெண் வேண்டும், அதைத் துடைத்துவிட்டு விருது மேடைக்கு வரும் வெளுத்த பெண்ணும் வேண்டும் என்ற இரட்டை ஆசைக்குத்தான் அவர்களில் இடமில்லை.

‘காலா’வைச் சொல்லாமல் விட்டால் மாணவிகள் விடமாட்டார்கள். சரிதான், விடவும் கூடாது. வெள்ளை என்றால் தூய்மை, கருப்பு என்றால் அழுக்கு என்ற கணக்கை பா.ரஞ்சித் 2018இல் கழுத்தைப் பிடித்துத் திருப்பினார். ஹரி தாதாவின் வெள்ளை உடையும் வெள்ளை வீடும் அச்சம் தருகின்றன. தாராவியின் இருண்ட சந்துகள் நெருக்கம் தருகின்றன. கடைசியில் கருப்பும் சிவப்பும் நீலமும் பொடியாக வெடித்துத் திரையை மூடும்போது, அந்த நிறங்களுக்கு நம் அரசியல் வரலாற்றில் என்ன பெயர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உணர்ச்சிக்கும் நிறத்துக்கும் இடையில் வரலாறு நிற்கிறது என்பதைத் தமிழில் இவ்வளவு துணிவாகக் காட்டிய படம் வேறில்லை. போராட்டக் களத்தில் போலீஸ்காரர்கள் புயலின் உடையை உருவியெறிந்தபின் அவள் கீழே கிடக்கும் துணியை எடுக்காமல் கம்பை எடுக்கும் அந்தக் காட்சிக்காகவும் நான் அந்தப் படத்தை மதிக்கிறேன்.

என்னுடைய மனத்தாங்கல் வேறு. கருப்பு பெருமையாக மாறும்போதும் அந்தப் பெருமை ஆணின் உடம்பில்தான் நிற்கிறது. உழைப்பின் நிறம், வீரத்தின் நிறம், மண்ணின் நிறம் என்று தமிழ் சினிமா பாடும் கருப்பெல்லாம் மீசை வைத்த கருப்பு. அந்தக் கருப்பைக் காதலிக்க வருபவள் மட்டும் எப்போதும் வெளுத்தே வருகிறாள். ‘காலா’வின் பழைய காதலிக்கும் தில்லியிலிருந்துதான் நடிகை வந்தார். கருத்த பெண்ணை, அவள் பாவப்படாமலும் சிரிப்புக்கு ஆளாகாமலும், ஒரு காதல் பாட்டின் நடுவில் மாலை வெயிலில் நிறுத்திப் பார்க்கும் படங்களை விரல்விட்டு எண்ணலாம்.

நிறத்தின் பொய்யைப் பெண் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்று காட்ட நான் திரையிடும் படம் பிரெஞ்சில் வந்தது. ஆக்னஸ் வர்தாவின் ‘லு பொனேர்’ (1965). மகிழ்ச்சி என்று பொருள். சூரியகாந்தி, கோடைப் பச்சை, மொசார்ட். தச்சன் ஒருவன், தையல் வேலை செய்யும் மனைவி, இரண்டு குழந்தைகள். அவனுக்கு அஞ்சலகத்தில் வேலைபார்க்கும் இன்னொரு பெண்மேல் காதல் வருகிறது. அதையும் மகிழ்ச்சியோடு மனைவியிடம் சொல்கிறான், மகிழ்ச்சி கூடத்தானே செய்யும் என்று. மனைவி சற்று நேரத்தில் குளத்தில் பிணமாகக் கிடைக்கிறாள். கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது, அவள் இடத்தில் மற்றவள் இருக்கிறாள். அதே வீடு, அதே குழந்தைகள், நால்வரும் மஞ்சளும் பழுப்புமாக ஒத்துப்போகும் உடையில் காட்டுக்குள் நடக்கிறார்கள். வர்தா ஓரிடத்திலும் வண்ணத்தைக் குறைக்கவில்லை. மற்ற படங்களில் காட்சி கருப்பில் மங்கி முடியும். இதில் சிவப்பிலும் நீலத்திலும் மங்குகிறது. படம் முடிந்ததும் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு யாராவது ஒருத்தி, “மேம், இது சந்தோஷமான படமா?” என்பாள். அட்டவணையை அவள் கிழித்தாயிற்று.

சினிமாவைவிட இன்று பெண்களின் நிறத்தை அதிகம் தொடுவது கல்யாண வீடியோதான். ‘ஸ்கின் கொஞ்சம் லிஃப்ட் பண்ணிடலாம் மேடம்’ என்பது இப்போது தனியாகக் கேட்டு வாங்கவேண்டிய சேவைகூட இல்லை; பேக்கேஜிலேயே அடங்கிவிட்டது. என் சொந்தத்தில் ஒரு பெண்ணின் கல்யாண வீடியோ வந்தபோது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். மாப்பிள்ளை அவனாகவே இருந்தான். அவள் முகம் மட்டும் நிலவு வெளிச்சத்தில் நனைத்ததுபோல, கழுத்தில் வேறு நிறம், கையில் வேறு நிறம். பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “யாருடி இந்தப் பொண்ணு, லட்சணமா இருக்கா?” என்றார். எல்லாரும் சிரித்தோம். கல்யாணப் பெண்ணும் சிரித்தாள். அவள் அந்த வீடியோவை வாட்ஸ்ஆப்பில் வைக்கவுமில்லை, அழிக்கவுமில்லை. 1975இலிருந்து ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரங்கள் கருத்த முகத்திலிருந்து வெளுத்த முகம்வரை படிப்படியாக ஒரு அட்டையை நம் கையில் கொடுத்துப் பழக்கியிருக்கின்றன. 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. அட்டை இப்போது மென்பொருளுக்குள் இருக்கிறது.

சென்ற ஆண்டு இறுதிப் பருவ மாணவி ஒருத்தி தன் அம்மாவைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுத்தாள். அம்மா பீடி சுற்றுபவர். வீட்டில் ஒற்றை ட்யூப்லைட். அதன் பச்சை வெளிச்சத்தை அணைத்துவிட்டு, வாசற்படியில் அப்பாவின் வேட்டியைக் கட்டி, அதில் பட்டுத் தெறித்த காலை வெயிலிலேயே படமெடுத்திருந்தாள். அம்மா நன்றாகக் கருத்தவர். முகத்தில் தேங்காயெண்ணெய். அடுக்களை இருட்டிலிருந்து அவர் திரும்பும்போது கன்னத்திலும் நெற்றியிலும் செம்புபோல ஒரு கோடு மின்னியது. அம்மா பெரும்பாலான நேரம் சிரித்துக்கொண்டிருந்தார், ஏதோ பழைய கதை சொல்லி.

மதிப்பிட வந்தவர் நல்ல மனிதர்தான். படம் பிடித்திருக்கிறது என்றார். “ஆனா ரொம்ப டார்க்கா இருக்கும்மா. முகத்தை ஒரு ஸ்டாப் ஏத்தியிருந்தா அந்த அம்மாவோட சந்தோஷம் தெரிஞ்சிருக்கும்” என்றார். அவள் மடிக்கணினியைத் திருப்பி வெக்டர்ஸ்கோப்பைக் காட்டினாள். புள்ளிகள் கோட்டின் மேல் இருந்தன. வெளிச்சத்தின் அளவையும் காட்டினாள். பளபளப்பு மேலே, நிழல் கீழே, இரண்டும் வெட்டுப்படவில்லை. “எங்கம்மா இவ்ளோதான் சார்” என்றாள். அவர் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மதிப்பெண் தாளில் எதையோ எழுதினார். எவ்வளவு போட்டார் என்று பிறகு தெரிந்தது, குறைவில்லை.

படத்தை அம்மாவுக்குக் காட்டினாயா என்று அவளைக் கேட்டேன். காட்டியிருக்கிறாள். கைபேசியில்தான். முழுதும் பார்த்துவிட்டு அவர் சொன்னாராம், “மூக்குத்தி நல்லாத் தெரியுது.”